ஆறு பிறந்த மண்ணின் வறட்சி

தேனி மாவட்டத்தின் தென்பாதியில் இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. மேற்கே இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. குமுளி மலையடியில் தொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடகிழக்காக இறங்கித் தேனிக்கு வந்து சேர்கிறது. கிழக்கே இருப்பது வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. வாலிப்பாறை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று வடக்கு நோக்கி இறங்கி ஆண்டிபட்டிச் சமவெளியில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே மேகமலை. முதல் பள்ளத்தாக்கைத் தமிழ்நாடே அறியும். அதன் நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் திராட்சைப் பந்தல்களையும் சினிமாவில் பார்க்காதவர் இல்லை. இரண்டாவதை, அங்கே பெண் கொடுத்து எடுத்தவர்களும் இலவம்பஞ்சு வாங்கப் போகும் வியாபாரிகளும் தவிர வெளியூர்க்காரர் அதிகம் அறியார்.

வைகை பிறப்பது இந்த இரண்டாவது பள்ளத்தாக்கில்தான். மதுரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆறு, தான் பிறந்த மண்ணில் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. ஆண்டிபட்டி என்றாலே ‘வறண்ட பகுதி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது செய்தித்தாள்களின் வழக்கம். இந்தத் தொகுதி 1984-ல் எம்.ஜி.ஆரையும், 2002-லும் 2006-லும் ஜெயலலிதாவையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இரண்டு முதலமைச்சர்களின் தொகுதியாக இருந்தும் அந்த அடைமொழி மாறவில்லை. அந்த வறட்சி எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பாதி வானத்திலிருந்து வந்தது. மறுபாதி மனிதர் போட்ட நீர்க்கணக்கிலிருந்து வந்தது என்பது என் முடிவு. ஆளில்லாத வெளி என்று உலகம் சொல்லிப் பழகிய பெரும்பரப்புகளுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஏலமலைத் தொடரின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. இடுக்கி மாவட்டத்தில் ஆண்டுக்கு 3,000 மி.மீ. மழை பெறும் இடங்கள் உண்டு. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்க அது சூடாகிறது. மழை தராததோடு நிலத்தில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கூடலூரிலும் கம்பத்திலும் சாரலாவது விழும். ஆண்டிபட்டிக்கு வந்து சேர்வது வெறும் காற்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் நான்கு காற்று வாசல்கள் என்பார்கள். ஆடியில் கண்டமனூர்ப் பக்கம் நின்று பார்த்தால் இது புரியும். தலையில் துண்டை இறுக்கிக் கட்டாமல் யாரும் ஆடு மேய்க்கப் போவதில்லை. உழுது போட்ட செவல் மண் புழுதியாக எழும்பி ரோட்டின் குறுக்கே ஓடும். காய்ப்புக்கு வந்த முருங்கை கிளையோடு முறிந்து விழும். எதிர்க்காற்றில் சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். வாயைத் திறந்தால் பல்லில் மண் நறநறக்கும். சுற்றிலும் காற்றாலைகள் மட்டும் நிற்காமல் சுழன்றுகொண்டிருக்கும்.

இந்தப் பக்கத்துக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகைதான். அதுவும் சில நாள்களில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 800 மி.மீ. புவியியலார் பாலைவனம் என்பதற்கு வைத்திருக்கும் பொதுவான எல்லை 250 மி.மீ. ஆஸ்திரேலியக் கண்டத்தின் நட்டநடுவில், ‘அவுட்பேக்’ என்று அவர்கள் சொல்லும் உள்நாட்டு வறள்பரப்பின் மையமாக இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கே ஆண்டுக்கு 280 மி.மீ. அளவில் மழை உண்டு. அதோடு ஒப்பிட்டால் நம் மாவட்டம் மும்மடங்கு மழை பெறுகிறது. பிறகு ஏன் இந்தக் காய்ச்சல்? சரிவு செங்குத்தானது. அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை. விரிசல்களில் தவிர வேறெங்கும் நீரைத் தேக்கி வைக்காது. பெய்த மழை சில மணி நேரத்தில் ஓடைகளுக்கும், ஓடைகளிலிருந்து வைகையின் தலைப்பகுதியான மூல வைகைக்கும் போய்ச் சேர்ந்து, ஒன்றிரண்டு நாள் செந்நிற வெள்ளமாகப் பாலத்தைத் தொட்டு ஓடி, வடிந்துவிடும். அதன் பிறகு மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். எவ்வளவு பெய்கிறது என்பதைவிட, பெய்தது எத்தனை நாள் நிற்கிறது என்பதே இந்த நிலத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அங்கேதான் மனிதர் கணக்கு உள்ளே வருகிறது.

கம்பம் பள்ளத்தாக்கும் இதே மழை மறைவில்தான் கிடக்கிறது. அதைப் பச்சையாக்கியது ஒரு சுரங்கம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-ல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணையை 1895 அக்டோபர் 10-ல் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். மலையைக் குடைந்து வந்த தண்ணீர் லோயர்கேம்ப் பக்கம் இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து முல்லைப் பெரியாறாக ஓடி வைகையில் கலக்கிறது. பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதும், தைப்பொங்கலில் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைப்பதும் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் நடக்கிறது. அந்த நன்றியில் பொய் இல்லை.

ஆனால் அந்தத் திட்டம் போடப்பட்டது கம்பத்துக்காக அல்ல. அதன் நோக்கம் மதுரைச் சமவெளி. தண்ணீர் போகிற வழியில் இருந்ததால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பங்கு கிடைத்தது. வழியில் இல்லாத வருசநாட்டுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் முதல் தேதி ஒட்டி முதல்போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறக்கும்போது வெளிவரும் அறிவிப்பில் இதை எழுத்தில் பார்க்கலாம். அணையில் போதிய நீர் இருந்தால், வினாடிக்கு 200 கன அடி பாசனத்துக்கு, 100 கன அடி குடிநீருக்கு, 120 நாள்களுக்கு. பாசனப் பரப்பு 14,707 ஏக்கர்: உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. ஆண்டிபட்டி வட்டம் அந்தப் பட்டியலில் கிடையாது. பிற்காலத்தில் லோயர்கேம்ப்பிலிருந்து வெட்டப்பட்ட 18-ஆம் கால்வாய், தேவாரம், போடி பக்கத்து மானாவாரி ஊர்களின் கண்மாய்களை நிரப்ப வந்தது. அதுவும் மேற்குக் கரையோடு நின்றுவிட்டது.

இரண்டு பள்ளத்தாக்குக்கும் பொதுவான மேகமலை உச்சியின் கணக்கும் இப்படித்தான். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் சிறு நீர்த்தேக்கங்கள், சுருளியாறு மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்டவை. அந்தத் தண்ணீர் குழாயில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டுக் கம்பம் பக்கமே போகிறது. வருசநாட்டுப் பக்கம் இறங்குவது இயற்கையாக வழியும் ஓடைகளும், கோம்பைத்தொழு அருகே சின்னச்சுருளி என்று மக்கள் குளிக்கப் போகும் அருவியும் மட்டுமே.

அடுத்து வைகை அணை. 1959 ஜனவரி 21-ல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஆண்டிபட்டிக்கு அருகில் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 71 அடி. மூல வைகையும் முல்லைப் பெரியாறும் கொண்டுவரும் நீரை இங்கே தேக்கி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அணை நிற்பது ஆண்டிபட்டி வட்டத்தில். நீரின் பாசன உரிமை கீழே இருப்பவர்களுக்கு. பொறியியல் காரணம் எளிது. அணை தாழ்வான இடத்தில் இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. ஆண்டிபட்டி–சேடப்பட்டி கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவை வழியாகக் குடிக்கத் தண்ணீர் மேலே வருகிறது, பயிருக்கு வருவதில்லை. பொறியியல் காரணம் சரியென்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1895-ல் மலையைக் குடைந்து ஆற்றைத் திசை திருப்பிய பொறியியல், மதுரைக்காக என்றபோது மலையைத் தடையாக எண்ணவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அணையின் நீர்ப்பரப்புக்குள் போன ஊர்களின் கதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். மூழ்கிய மெட்டூரில் பிறந்த வைரமுத்து, 2003-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலில் அந்த மக்களை எழுதினார். அங்கே வாழ்ந்தவர்கள் கிணறு வெட்டி, கமலை இறைத்து, மண்ணை அறிந்து வெள்ளாமை செய்தவர்கள். கள்ளி முளைத்த காடு என்பதால் அது வீண் நிலமாக இருக்கவில்லை. இதைச் சொல்ல ஒரு நாவல் வேண்டியிருந்தது. அரசுக் கோப்புகளில் அது நீர்ப்பிடிப்புப் பகுதி.

மூல வைகையின் குறுக்கே ஓர் அணை கட்ட வேண்டும் என்பது வருசநாட்டு மக்களின் நெடுநாள் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் மேடைகளில் அது ஒலிக்கும். கோரிக்கையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓடும் ஓர் ஆற்றில், அதுவும் மண்ணரிப்பு மிகுந்த சரிவில், பெரிய அணை சீக்கிரமே வண்டலில் தூர்ந்துபோகும். கீழே வைகை அணையே வண்டலால் கொள்ளளவை இழந்துகொண்டிருக்கிறது. ஓடைக்கு ஓடை தடுப்பணை, ஊருக்கு ஊர் கண்மாய், அந்தக் கண்மாய்களுக்கு வரத்துக்கால் என்று நீரை அது ஓடும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அனுப்புவதே இந்தப் பாறை மண்ணுக்குப் பொருந்தும். பாண்டிய நாட்டார் காலங்காலமாகச் செய்ததும் அதுதான். கல்வெட்டு நாட்டித் திறப்புவிழா நடத்த அதில் வாய்ப்புக் குறைவு என்பதால்தான் அது பின்னுக்குப் போகிறது என்று நான் சந்தேகிக்கிறேன்.

இந்த மண் எப்போதாவது வெறுமையாக இருந்ததா? இந்தக் கேள்விக்கு 2006-ல் எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். எழுத்துள்ள நடுகற்களில் இந்தியாவிலேயே இவையே மிகப் பழமையானவை என்பது அறிஞர் கருத்து. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எழுத்து தமிழ் பிராமி. ஒரு கல் சொல்லும் செய்தி சிறியது: கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல். ஆகோள் என்பது ஆநிரை கவர்தல், வெட்சிப் போர். கூடலூர் என்ற பெயரில் கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இன்றும் ஓர் ஊர் உண்டு.

இந்தக் கல் நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, மாடே செல்வமாக இருந்த ஒரு சமூகம் இங்கே வாழ்ந்தது. மாட்டுக்காகச் சண்டையிட்டு மாய்ந்தது. இரண்டு, அந்தச் சமூகத்தில் எழுத்து இருந்தது. அரண்மனைக்கும் வணிகத் துறைமுகத்துக்கும் வெகுதூரத்தில், மேய்ச்சல் காட்டின் நடுவில், இறந்தவன் பெயரைக் கல்லில் வெட்டவும் படிக்கவும் ஆள் இருந்தார்கள். எழுத்தறிவு நெல் விளையும் ஊர்களிலிருந்து வறண்ட காடுகளுக்கு மெல்ல இறங்கி வந்தது என்ற எண்ணத்தைப் புலிமான்கோம்பை அசைத்துவிட்டது. சங்க இலக்கியத்தின் பாலையும் வெட்சியும் கவிஞர்களின் கற்பனைத் திணைகள் மட்டுமே என்று நினைத்தவர்களும் யோசிக்க வேண்டியதாயிற்று.

அந்த மேய்ச்சல் வாழ்க்கையின் தொடர்ச்சி இன்னும் அறுந்துபோகவில்லை. கம்பத்தில் நந்தகோபால சுவாமி தம்பிரான் மாட்டுத் தொழு என்ற கோயில் இருக்கிறது. சாமிக்கென்று விட்ட மாடுகள் அங்கே தொழுவில் வாழ்கின்றன. பட்டத்துக்காளைக்குத் தனி மரியாதை. மாட்டுப் பொங்கலன்று சனம் திரண்டு வந்து வணங்குகிறது. மலையடிவாரமெங்கும் ‘மலைமாடு’ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மாடுகளைக் கட்டிப்போட்டுத் தீவனம் வைப்பதில்லை. கறந்து விற்பதும் இல்லை. பால் கன்றுக்கு. வருமானம் சாணத்திலும் கன்றுகளிலும் இருக்கிறது.

இதன் ஆண்டுச் சுற்று நுட்பமானது. மலையில் புல் தழைத்திருக்கும் மாதங்களில் மாடுகள் மேலே. அறுவடை முடிந்து வயல் தாளடியாகக் கிடக்கும் காலத்தில் கீழே. இறங்கிய மாட்டைச் சம்சாரியின் வயலில் இரவு அடைத்து வைப்பதற்குக் கிடை போடுவது என்று பேர். மாலையில் மேய்ச்சல் முடிந்து வந்ததும், காய்ந்த வயலின் ஒரு துண்டில் மாடுகளை நெருக்கிப் படுக்க வைப்பார்கள். மாட்டுக்காரர் ஒருவர் வரப்பில் துண்டை விரித்து அரைத்தூக்கத்தில் கிடப்பார். விடிவதற்குள் சாணமும் கோமியமும் மண்ணில் இறங்கியிருக்கும். மறுநாள் இரவு பக்கத்துத் துண்டு. இத்தனை மாட்டுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி, பணமாகவோ நெல்லாகவோ வாங்கிக்கொள்வார்கள். கிடை விழுந்த வயலுக்கு அந்தப் போகத்தில் உரமூட்டை பெரிதாகத் தேவைப்படாது. தொழுவில் சேரும் எருவை லாரியில் ஏற்றி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். ஜல்லிக்கட்டுக்குக் காளைக்கன்று தேடுபவர்களும் இந்தத் தொழுக்களுக்கே வருகிறார்கள். மழை மறைவுக் காட்டின் புல், நஞ்சை வயலின் நெல்லாகவும் கேரளத்து ஏலக்காயாகவும் மாறும் பாதை இது. எந்தப் புள்ளிவிவரப் புத்தகத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. அதனாலேயே மேய்ச்சல் காடு ‘பயன்படாத நிலம்’ என்று தோற்றம் தருகிறது.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து ஒரு பெரும் பயணக்குழு புறப்பட்டது. கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடப்பது நோக்கம். தலைவர் ராபர்ட் பர்க். துணை வில்லியம் வில்ஸ். கராச்சியிலிருந்து ஒட்டகங்களும் அவற்றை ஓட்ட ஆட்களும் இந்தப் பயணத்துக்காகவே கப்பலேறி வந்தார்கள். குழுவில் சிலர் வடகடலை நெருங்கித் திரும்பினார்கள். 1861-ன் நடுவில் கூப்பர் ஓடைக் கரையில் பர்க்கும் வில்ஸும் பசியில் செத்தார்கள். அவர்கள் செத்த இடம் சாப்பாடில்லாத இடமல்ல. யாந்த்ருவாந்தா மக்கள் அங்கே மீன் பிடித்தும் ‘நார்டு’ என்னும் நீர்ச்செடியின் வித்துக்கூட்டை அரைத்தும் உண்டு வாழ்ந்தார்கள். நார்டு வேறொன்றுமில்லை, நம் ஊர் வயல்வரப்பில் முளைக்கும் நாலிலை ஆரைக்கீரையின் உறவுச்செடி. அதில் தயாமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் ஒரு பொருள் உண்டு. அந்த மக்கள் அதை வறுத்து, அரைத்து, நீர் சேர்த்துப் பக்குவம் செய்யும் முறையில் அந்தக் கெடுதல் நீங்கிவிடும். வந்தவர்கள் பக்குவம் தெரியாமல் தின்று, வயிறு நிறைந்தும் உடல் கரைந்தார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜான் கிங் என்ற ஒருவர் மட்டும் பிழைத்தார். யாந்த்ருவாந்தா மக்கள் அவரைத் தங்களோடு வைத்து உணவு கொடுத்தார்கள். செப்டம்பரில் தேடிவந்த குழு அவரை உயிரோடு கண்டது.

இந்தச் சம்பவம் அந்த நாட்டுச் சரித்திரத்தில் நெடுநாள், கொடிய பாலை விழுங்கிய வீரர்களின் கதையாகவே சொல்லப்பட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற சட்டக் கற்பனையின் மேல்தான் அங்கே குடியேற்றம் முழுவதும் நடந்தது. 1992 ஜூன் 3-ல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அந்தக் கற்பனையைத் தள்ளி, பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றது. இங்கே வெள்ளைக்காரன் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் தீர்வை வருகிற நிலம், வராத நிலம் என்ற பிரிவினையில் மேய்ச்சல் காடும் மந்தைவெளியும் தரிசாகவும் புறம்போக்காகவும் பதிவாயின, மலைச்சரிவுகள் ஒதுக்குக்காடாயின. வரி கட்டாத நிலத்தில் உரிமை பேச ஆளில்லை என்ற நினைப்பு சுதந்திரத்துக்குப் பின்னும் கோப்புகளில் தங்கிவிட்டது.

ஆளில்லாத வெளி என்று ஓர் இடத்துக்குப் பேர் விழுந்துவிட்டால், மற்ற இடத்தில் வைக்க முடியாததையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று தோன்றிவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில் 1956-லும் 1957-லும் பிரிட்டன் ஏழு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. சிறு சோதனைகள் 1963 வரை நீண்டன. அங்கே வாழ்ந்த மக்கள் முன்பே அப்புறப்படுத்தப்பட்டார்கள்; எல்லாரையும் அப்புறப்படுத்தியதாகச் சொன்னது உண்மையல்ல என்பதும் பின்னால் வெளிவந்தது.

போடி மேற்கு மலையில் வர இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தை இதோடு சமமாக வைப்பது அநியாயம். அது குண்டு அல்ல, அடிப்படை அறிவியல். வியக்கத்தக்க அறிவியல் என்றே சொல்வேன். பொட்டிப்புரம் ஊராட்சியில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுற்றிலும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும்படி, 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவியை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை ஆராய்வது திட்டம். ஆண்டிபட்டிக் கிணறுகளில் நீர் நிற்கவிடாத அதே சார்னோக்கைட் பாறையின் கெட்டித்தன்மையே விஞ்ஞானிகளை இழுத்துவந்தது. நீலகிரியின் சிங்காராவில் யானைகளுக்கும் புலிகளுக்கும் இடைஞ்சல் என்று 2009-ல் இடம் மறுக்கப்பட்ட பிறகு இங்கே வந்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் நடந்தன. தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

எதிர்ப்பில் கதிர்வீச்சு பற்றிச் சொல்லப்பட்ட சில அச்சங்களுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் மலையடி ஊர்க்காரர்கள் எழுப்பிய முதல் கேள்விகள் வேறு. ஆடு மாடு எங்கே மேயும்? வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்னாகும்? மலைக்குக் கும்பிடப் போகும் பாதை அடைபடுமா? ஆராய்ச்சிக் கருவியைப் பற்றித் தடித்தடியாக எழுதப்பட்ட அறிக்கைகளோடு ஒப்பிட்டால், அந்த மலையை யார் யார் எந்த மாதத்தில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குக் கிடைத்த இடம் சொற்பம். அந்தக் கணக்கை முதலில் எடுத்திருந்தால் பேச்சு வேறு விதமாகத் தொடங்கியிருக்கும்.

இப்போது இதே கேள்வி வைகையின் பிறப்பிடத்திலேயே வந்து நிற்கிறது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது, பரப்பு 1,016.57 சதுர கிலோமீட்டர். வைகையின் நீர்ப்பிடிப்புக் காட்டை மீட்பதும் இதனால் கிடைக்கும் பலன் என்று சொல்லப்பட்டது. நான் அதை நம்புகிறேன். மேல்மலைக் காடு அழிந்தால் மூல வைகை இன்னும் சீக்கிரமாக வடியும். புல்வெளியும் சோலையும் திரும்பினால் ஓடைகள் இன்னும் சில வாரம் உயிரோடிருக்கும். தடுப்பணையைவிட மலிவான நீர்த்தேக்கம் காடுதான்.

ஆனால் அந்தக் காட்டுக்குள்ளேயும் விளிம்பிலும் அரசரடி, பொம்மராஜபுரம், இந்திராநகர் போன்ற ஊர்கள் இருக்கின்றன. இலவமும் முந்திரியும் எலுமிச்சையும் வளர்த்துத் தலைமுறைகளாக இருப்பவர்களும், பின்னால் வந்து காட்டை வெட்டியவர்களும் கலந்தே இருக்கிறார்கள். இரு சாராரையும் ஒரே சொல்லால் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று அழைப்பது நிர்வாகத்துக்கு வசதி. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியல்லாதவர்களுக்கும் உரிமை தருகிறது. ஆனால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930-ல் மலையேறிய ஒருவரின் பேரனிடம் என்ன பத்திரம் இருக்கும்? அதற்காகவே விதிகள் ஊர் முதியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. அதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவர்கள் மலையேறிப் போக வேண்டும்.

மலைமாட்டுக்காரர்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்கள் காட்டுக்குள் குடியிருப்பதில்லை. ஆண்டில் சில மாதம் போய்வருபவர்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதே மாதம் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்தியது. மேகமலையோ அந்தப் பட்டியலுக்குள் வருகிறது. மாட்டிலிருந்து காட்டு விலங்குக்கு நோய் பரவும் என்ற கவலை பொய்யல்ல. தடுப்பூசியும் எண்ணிக்கை வரம்பும் பருவக் கட்டுப்பாடும் வைத்து அதைச் சமாளிக்க முடியுமா என்று பார்க்காமல், முழுத் தடைக்குத் தாவியதுதான் தவறு. மேய்ச்சலே இல்லாத காட்டில் உயர்ந்து காயும் புல், பங்குனி சித்திரையில் தீப்பிடிக்க வசதியாக நிற்கிறது என்று மாட்டுக்காரர்கள் சொல்வதையும் வனத்துறை சோதித்துப் பார்க்கலாம்.

வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மேய்ச்சலையும், மேய்ச்சல் சமூகங்கள் பருவத்துக்கு வந்து வளங்களைப் பயன்படுத்துவதையும் சமூக உரிமையாக எண்ணுகிறது. அதைக் கோரும் வேலையைத் தொடங்கும் அதிகாரம் 6-ஆம் பிரிவின்படி கிராம சபைக்கு. எந்தத் தொழுவின் மாடு எந்தக் கணவாயில் எந்த மாதம் ஏறியது, எந்த ஓடையில் தண்ணீர் காட்டியது, வனத்துறை எந்த ஆண்டு வரை மேய்ச்சல் சீட்டு கொடுத்தது, சீட்டுக்குக் கட்டிய காசு எவ்வளவு என்பதெல்லாம் வயதான மாட்டுக்காரர்களின் நினைவிலும், சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய ரசீதுகளிலும் இருக்கிறது. வருசநாட்டிலிருந்து கூடலூர் வரை மலையடி ஊராட்சிகள் சேர்ந்து இந்த வரைபடத்தைப் போட்டால், காப்பகத்தின் மேலாண்மைத் திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய ஆவணமாக அது இருக்கும். தேனிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் புவியியல் துறைகளும் இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, ரசீது வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.